தாத்தா நேதாஜி பட்டாளத்துல இருந்தாருன்னு வீட்ல சொல்றாங்களா? அவரைத் தேடிக் கண்டுபிடிக்கறது எப்படி

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஆள் போன ஜில்லாக்கள்ல வயசானவங்ககிட்ட பேச்சுக் குடுத்தா, "எங்க பெரியய்யா நேதாஜி பட்டாளத்துல இருந்தவரு"ன்னு ஏதாவது ஒரு வீட்டுலயாவது சொல்லுவாங்க. சரி எப்ப சேர்ந்தாரு, எந்த ஊர்ல சேர்ந்தாரு, எந்த ரெஜிமென்ட்டுன்னு கேட்டா "பர்மாவுல சண்டை போட்டாரு, நேதாஜிக்கே பாடிகார்டா இருந்தாரு" அவ்வளவுதான், அதோட முடிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சு நேதாஜிக்கு பாடிகார்டா இருந்தவங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சா அதுவே தனியா ஒரு டிவிஷன் தேறும். பொய் சொல்றாங்கன்னு சொல்லல. கேம்ப்புக்கு நேதாஜி வந்தப்ப மரியாதை அணிவகுப்புல நின்னிருப்பாரு, அது பையன் சொல்லி பேரன் சொல்லி வரும்போது பாடிகார்ட் ஆயிடுது.

தேடணும்னு கிளம்புறவங்க பண்ற காரியம் என்னன்னா நேதாஜி பத்தி கிடைச்சதை எல்லாம் படிக்கறது, அதுல எங்கயாவது தாத்தா பேரு வருதான்னு பாக்கறது. வராதுங்க. ஐஎன்ஏ-ல, அதாவது நேதாஜி பட்டாளம்னு நாம சொல்ற இந்திய தேசிய ராணுவத்துல, உச்சத்துல சுமார் 40,000 பேர் இருந்ததா சொல்றாங்க, புத்தகத்துல பேரு வர்றது அதுல சில நூறு ஆபீசருங்களுக்குத்தான். நீங்க நேதாஜிகிட்ட இருந்து ஆரம்பிக்காதீங்க, தாத்தா எந்த மாசம் எந்த ஊர்ல இருந்தாருங்கறதுல இருந்து ஆரம்பிங்க. ஊரும் தேதியும் கையில இருந்தா பேப்பர் எந்த ஆபீஸ்ல இருக்கும்னு தானா தெரிஞ்சிடும், அது இல்லாம எந்த ஆர்கைவ்ஸ்க்குப் போனாலும் வெறுங்கையோட தான் வரணும்.

முதல் கேள்வி: பட்டாளத்துக்காரரா, தோட்டத்துக்காரரா?

இதைத் தெரிஞ்சுக்காம அடுத்த ஸ்டெப்புக்கே போகாதீங்க, ஏன்னா பாதை இங்கயே ரெண்டா பிரியுது. ஐஎன்ஏ-ல ரெண்டு வகை ஆளுங்க இருந்தாங்க. ஒண்ணு, பிரிட்டிஷ் இந்தியன் ஆர்மியில இருந்து மலாயா சிங்கப்பூர் சண்டையில ஜப்பான்கிட்ட மாட்டிக்கிட்டவங்க. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, 17ம் தேதி ஃபேரர் பார்க் மைதானத்துல இந்திய சிப்பாய்ங்களைத் தனியா கூட்டி வச்சு ஜப்பான்காரங்ககிட்ட ஒப்படைச்சாங்க, அங்கதான் கேப்டன் மோகன் சிங் ஆள் சேர்க்க ஆரம்பிச்சாரு. இன்னொண்ணு, மலாயா, சிங்கப்பூர், பர்மாவுல தோட்டத்துலயோ துறைமுகத்துலயோ ரயில்வேயிலயோ கடையிலயோ வேலை பாத்துக்கிட்டு இருந்து நேரா ஐஎன்ஏ-ல சேர்ந்த சிவிலியன்கள். நம்ம தமிழ் ஆளுங்க பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை. பால்மரம் வெட்டுன கைதான் துப்பாக்கி பிடிச்சுது.

பட்டாளத்துக்காரர்னா அவருக்கு ஐஎன்ஏ-க்கு முன்னாடியே ஒரு ஆர்மி நம்பர் இருந்திருக்கும், ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸ்ல ஷீட் ரோல்னு அவரோட பணிப் பதிவு ஒண்ணு இருந்திருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்தவர்னா அது பெங்களூர்ல இருக்கற மெட்ராஸ் என்ஜினியர் குரூப் ரெக்கார்ட்ஸ். நம்பர், பேரு, அப்பா பேரு, கிராமம், தாலுகா, பழைய ஜில்லா எல்லாம் போட்டு லெட்டர் எழுதுங்க, எப்படி எழுதறதுன்னு தெரியலைன்னா உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய்க் கேளுங்க. சண்டை முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரன் இவங்களை விசாரிச்சு, ஐஎன்ஏ மேல எவ்வளவு பிடிப்புன்னு பாத்து, வெள்ளை, சாம்பல், கறுப்புன்னு மூணா பிரிச்சான். கறுப்புன்னு முத்திரை விழுந்தா டிஸ்மிஸ், பென்ஷன் கிடையாது, கைதியா இருந்த காலத்து சம்பளமும் போச்சு. டிஸ்சார்ஜ் பேப்பர் வீட்டுல இருந்தா அதுல எந்தத் தேதியில, என்ன காரணம் போட்டு வெளிய அனுப்புனாங்கன்னு பாருங்க, அந்த ஒரு வரியில அவரை எந்த வகையில வச்சாங்கன்னு ஓரளவு பிடிபடும்.

தோட்டத்துக்காரர்னா ஷீட் ரோலும் கிடையாது ஆர்மி நம்பரும் கிடையாது. காமன்வெல்த் போர்க் கல்லறை டேட்டாபேஸ்ல பேரு இல்லையேன்னு சில பேர் மனசு உடைஞ்சு போறாங்க, சிவிலியனா இருந்து ஐஎன்ஏ-ல சேர்ந்தவர் அதுல இருக்கவே மாட்டாரு, அது பிரிட்டிஷ் பக்கத்து ராணுவத்துக்கான பட்டியல். இவரோட பேப்பர் வேற இடத்துல இருக்கு, கீழ சொல்றேன்.

பாட்டிகளை விட்டுடாதீங்க. 1943 அக்டோபர் 22 சிங்கப்பூர்ல ஜான்சி ராணி ரெஜிமென்ட் கேம்ப் திறந்தாங்க, தலைமை மெட்ராஸ் டாக்டர் கேப்டன் லட்சுமி. அதுல இருந்த பொண்ணுங்க நிறைய பேர் மலாயா தமிழ்ப் பொண்ணுங்க, தோட்டத்துல இருந்து வந்தவங்களும் உண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் இதைப் பத்தி வாயே திறக்காதவங்க பல பேர், புருஷன் வீட்டுல தெரியாமலே போயிருக்கு. அப்பத்தாவுக்கு ஹிந்தியில டிரில் கமாண்ட் தெரிஞ்சிருந்தா ஒரு தடவை யோசிங்க.

வீட்டுக்குள்ள தேடறது

இதுக்கு நேரம் குடுங்க, மத்த எதை விடவும். வயசான அத்தை, சித்தப்பா, தாத்தாவோட கூட்டாளி மகன், இவங்க இருக்கும்போதே உக்காந்து பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க. "தாத்தா சண்டைக்குப் போனாரா"ன்னு கேக்காதீங்க, ஆமான்னு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிடுவாங்க. சின்னச் சின்னதா கேளுங்க. எந்தத் தோட்டம்? பக்கத்துல ரயில் ஸ்டேஷன் எது? அந்தத் தோட்டத்துல இருந்து கூட யார் யார் சேர்ந்தாங்க? சேரும்போது கல்யாணம் ஆயிருச்சா, பெரிய மாமா பொறந்தாச்சா? பர்மாவுக்கு ரயில்ல போனாரா, நடந்தாரா? மழைக்காலமா வெயில்காலமா? ஜெயில்ல இருந்தாரா, எந்த ஜெயில், அங்க என்ன சாப்பாடு போட்டாங்க? திரும்பி வந்தது மலாயாவுக்கா ஊருக்கா? கல்யாணம், குழந்தை, சாவு, அம்மை, வெள்ளம் இதுங்களோட சேர்த்துக் கேட்டா தான் தேதி கிடைக்கும். "1944 மார்ச்"னு யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க, "உங்க பெரியத்தை கைக்குழந்தை"ன்னு கரெக்டா சொல்லுவாங்க.

தோட்டத்துப் பேர்ல ஒரு சிக்கல் இருக்கு, நம்ம ஆளுங்க தோட்டத்தைக் கூப்பிட்ட பேரு ஒண்ணு, கம்பெனி பேப்பர்ல இருக்கற பேரு இன்னொண்ணு. தண்டல் (மேஸ்திரி) பேரு, பழைய துரை பேரு, கோயில் பேருன்னு அவங்களுக்கு வசதியா கூப்பிட்டாங்க. அதனால பக்கத்து டவுன் பேரைக் கேட்டு வாங்கிக்கங்க, அதை வச்சு எஸ்டேட்டோட ஆபீஸ் பேரை அங்க இருக்கற வயசான தமிழ் ஆளுங்க சொல்லிடுவாங்க.

அப்புறம் டிரங்குப் பெட்டி. தாமிரப் பட்டயம் இருக்கா பாருங்க, 1972ல சுதந்திர வெள்ளி விழாவுக்கு தியாகிகளுக்கு மத்திய அரசு குடுத்தது. பென்ஷன் புக், பஸ் பாஸ், ரயில் பாஸ், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்த கடுதாசி எதுவா இருந்தாலும் எடுத்து வைங்க, முக்கியமா மூலையில பொடியா எழுதியிருக்கற ஃபைல் நம்பர். போட்டோ இருந்தா முன்னாடி பாத்தா மட்டும் போதாது, பின்னாடி திருப்பி ஸ்டுடியோ முத்திரை பாருங்க, ஈப்போவா பினாங்கா ரங்கூனான்னு அதுலயே தெரிஞ்சிடும். பழைய போட்டோவை ஃப்ரேம்ல இருந்து உருவும்போது கண்ணாடியில ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, கண்ணாடியோடவே போட்டோ எடுத்துக்கங்க.

ஊருக்கு உள்ளயும் ஒரு சுத்து சுத்துங்க. வெள்ளி விழா சமயத்துல பல ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள்ல அந்த வட்டாரத்து தியாகிங்க பேரைச் செதுக்கி கல்தூண் வச்சாங்க, இன்னைக்கு பாதி தூண் மேல சுண்ணாம்பு அடிச்சு, சைக்கிள் சாத்தி வச்சிருக்கும். அதுல பேரு இருந்தா, 1970கள் ஆரம்பத்துலயே அரசாங்கப் பட்டியல்ல இருந்திருக்காருன்னு அர்த்தம், அப்ப ஃபைலும் இருந்திருக்கும்.

தேதியை உரசிப் பாருங்க

வீட்டுல சேகரிச்ச கதையை அப்படியே நம்பவும் வேணாம், ஒதுக்கவும் வேணாம், நடந்த சரித்திரத்தோட தேதியில வச்சு உரசுங்க. சில தேதிங்க மனப்பாடமாவே இருக்கணும்.

மோகன் சிங்கோட முதல் ஐஎன்ஏ 1942ல. டிசம்பர்ல ஜப்பான்காரங்களோட தகராறு ஆகி அவரைக் கைது பண்ணிட்டாங்க, படையும் கலைஞ்சு போச்சு. அப்ப ராஷ் பிஹாரி போஸ் தான் அங்க இருந்த இந்தியர்களோட அமைப்பான இந்திய சுதந்திர லீகுக்குத் தலைவர். நேதாஜி அந்த நேரம் ஜெர்மனியில. அவர் சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2, கேத்தே கட்டடத்துல தலைமை ஏத்துக்கிட்டது ஜூலை 4, படையை பாடாங் மைதானத்துல பாத்தது ஜூலை 5, ஆசாத் ஹிந்த்ங்கற தற்காலிக அரசு அறிவிச்சது அக்டோபர் 21. ஆக "42லயே நேதாஜி பேச்சைக் கேட்டுத்தான் அய்யா சேர்ந்தாரு"ன்னா ரெண்டுல ஒண்ணு தப்பு, ஒண்ணு வருஷம் தப்பு, இல்ல பேசுனது வேற ஆளு. சிவிலியன்கள் அலை அலையா சேர்ந்தது நேதாஜி வந்ததுக்கு அப்புறம்தான், அதனால பெரும்பாலும் வருஷம்தான் தப்பா இருக்கும்.

அடுத்தது இம்பால். "இம்பால் வரைக்கும் போனாரு"ன்னு எல்லா வீட்டுலயும் சொல்றாங்க. இம்பால், கோஹிமா சண்டை 1944 மார்ச்சுல இருந்து ஜூலை வரைக்கும். அங்க போனது முதல் டிவிஷன், அதாவது சுபாஷ், காந்தி, ஆசாத் பிரிகேடுங்க, அதுல பழைய பட்டாளத்துக்காரங்க தான் அதிகம். மலாயா, பர்மா சிவிலியன்கள் நிறைய பேர் இருந்தது ரெண்டாவது டிவிஷனோட முதல் இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட்ல, அவங்க சண்டை பாத்தது 1945 ஆரம்பத்துல, நடு பர்மாவுல ஐராவதி ஆத்தங்கரையிலயும் போப்பா மலைப் பக்கத்துலயும். மூணாவது டிவிஷன் பெரும்பாலும் மலாயா சிங்கப்பூர் ஆளுங்களே இருந்த டிவிஷன், அது மலாயாவுலயே இருந்துச்சு. அதனால உங்க தாத்தா தோட்டத்துல இருந்து 1944 கடைசியில சேர்ந்தவர்னா இம்பால் பாத்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, பர்மாவையே பாக்காம கூட இருந்திருக்கலாம். அதனால அவர் சின்ன ஆளு ஆயிட மாட்டாரு. எத்தனை பேரு கதையில இம்பாலை ஒட்ட வச்சதால தாத்தா உண்மையில போப்பா மலையில நின்ன கதையைத் தொலைச்சிருக்காங்கன்னு நினைச்சா தான் எனக்கு வருத்தமா இருக்கு.

ரங்கூன்ல இருந்தாருன்னா 1945 ஏப்ரல் 24ஐ பிடிச்சுக்கங்க. அன்னைக்குத்தான் நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பினாரு, ஊர்ல கொள்ளை கொலை நடக்காம பாத்துக்க அஞ்சாயிரத்துக்கு மேல ஆளுங்களை விட்டுட்டுப் போனாரு, அவங்களுக்குத் தலைமை மேஜர் ஜெனரல் லோகநாதன், நம்ம ஊர் டாக்டர். மே மாசம் பிரிட்டிஷ் படை உள்ள வந்ததும் இவங்க எல்லாம் கைதிங்க. "அய்யா ரங்கூன் ஜெயில்ல இருந்தாரு"ன்னு வீட்டுல சொன்னா இதோட பொருத்திப் பாருங்க. பர்மாவுல பிடிபட்டவங்கள்ல நிறைய பேரை கப்பல்ல ஏத்தி வங்காளத்துல ஜிகர்கச்சா, நீல்கஞ்ச் கேம்ப்புங்களுக்கும் அங்க இருந்து டெல்லிப் பக்கம் பகதூர்கர் மாதிரி கேம்ப்புங்களுக்கும் கொண்டு போனாங்க. இந்த ஊர்ப் பேருங்க வீட்டுல சிதைஞ்சு போய் ஏதோ ஒரு சத்தமா தான் ஞாபகம் இருக்கும், "நீலகஞ்சி", "சிக்கரக்கச்சி"ன்னு யாராவது சொன்னா காதைத் தீட்டிக்கங்க.

இன்னொரு குழப்பம் சயாம் (இன்னைக்கு தாய்லாந்து) ரயில்பாதை. சயாம்ல இருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரங்க போட்ட 415 கிலோமீட்டர் பாதை, மலாயா தோட்டத்துத் தமிழ் ஜனங்க கூட்டம் கூட்டமா பிடிச்சுட்டுப் போய் செத்த இடம், 1943 அக்டோபர்ல முடிஞ்சுது. "சப்பான்காரன் காலத்துல பர்மா பக்கம் போனாரு"ன்னா அது ரயில்பாதைக் கூலியாவும் இருக்கலாம், சிப்பாயாவும் இருக்கலாம். ரயில்பாதைக்குப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தே ஐஎன்ஏ-ல சேர்ந்தவங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்ல. துப்பாக்கி, யூனிஃபார்ம், கேம்ப், மார்ச் பத்தின பேச்சு இருக்கா, இல்ல மண்வெட்டி, கூடை, காலரா பத்தின பேச்சா, அதை வச்சு ஓரளவு பிரிக்கலாம்.

பென்ஷன் ஃபைல்தான் புதையல்

தாத்தா இந்தியாவுக்குத் திரும்பி வந்தவர்னா, தியாகி பென்ஷன் வாங்கியிருந்தாலும் சரி, மனு போட்டு ரிஜெக்ட் ஆகியிருந்தாலும் சரி, இந்த ஃபைலுக்கு ஈடா எதுவும் கிடையாது. சொல்லப்போனா ரிஜெக்ட் ஆன ஃபைல் தான் கனமா இருக்கும், ஏன்னா திரும்பத் திரும்ப மனு, விளக்கம், சான்றுன்னு இணைச்சிருப்பாங்க.

மத்திய அரசு பென்ஷன் 1972ல ஆரம்பிச்சு 1980ல சுதந்திர சைனிக் சம்மான்னு மாறுச்சு, அது உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ. தமிழ்நாடு அரசு பென்ஷன் தனி, அதுக்கு மனு கலெக்டர் ஆபீஸ் வழியா போய் தலைமைச் செயலகத்துல பொதுத்துறை அரசியல் ஓய்வூதியப் பிரிவுக்குப் போகும். ரெண்டுக்கும் போட்டிருப்பாங்க, அதனால ரெண்டு இடத்துலயும் ஃபைல் இருக்கலாம். ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்களான்னு கூட பாக்கணும்.

மனுவுக்குள்ள என்ன இருக்கும்? சேர்ந்த தேதி, இடம், ரெஜிமென்ட், பதவி, பிடிபட்ட இடம், எந்த ஜெயில் அல்லது கேம்ப், எப்ப இருந்து எப்ப வரைக்கும், விடுதலையான தேதி. ஜெயில் ரெக்கார்ட் இல்லாதவங்க, தன்னோட ஜெயில்ல இருந்தவர்கிட்ட சக கைதி சான்று வாங்கி வைக்கணும். நான் முதல்ல புரட்டறது இந்தச் சான்றைத்தான். அதுல தாத்தாவோட கூட இருந்தவரு பேரு, அவரு ஊரு, அவரு பதவி எல்லாம் இருக்கும், அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனா உங்க வீட்டுல இல்லாத போட்டோ அவங்க வீட்டுல இருக்கும். ஒரே தோட்டத்துல இருந்து ஒண்ணா சேர்ந்து ஒண்ணா நடந்து ஒண்ணா மாட்டுனவங்க தானே. தாத்தா கதை தாத்தா வீட்டை விட கூட்டாளி வீட்டுல நல்லா பத்திரமா இருக்கறதை நான் பாத்திருக்கேன்.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு படிக்கக் கூடாது. மத்திய பென்ஷனுக்குக் குறைஞ்சது ஆறு மாசம் ஜெயில்ல இருந்திருக்கணும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் மூணு மாசம். அப்படி ஒரு கண்டிஷன் இருக்கும்போது மனுவுல ஜெயில் காலம் சரியா ஆறு மாசம் ஆறு நாள்னு இருந்தா ஒரு பென்சில் கோடு போட்டு வைங்க, வேற பேப்பர்ல சரிபாருங்க. முப்பது வருஷம் கழிச்சு பெட்டிஷன் ரைட்டர் எழுதுன பேப்பர் அது, அந்த வரிகள்ல பாதி தாத்தாவோடது பாதி பெட்டிஷன் ரைட்டரோடது. மலாயாவுல 1945ல படை கலைஞ்சதும் பேசாம தோட்டத்துக்கே திரும்பிப் போனவங்களுக்கு ஜெயிலே இல்ல, அதனால பென்ஷனும் எட்டல, பேப்பரும் இல்ல. பென்ஷன் இல்லைங்கறதால ஐஎன்ஏ-ல இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க.

ஃபைலை வாங்கறதுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டம். மாநில ஆபீஸுக்கு பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வெள்ளைப் பேப்பர்ல எழுதினா போதும், மத்திய உள்துறைக்கு ஆன்லைன்லயே போடலாம். "என் தாத்தா பத்தின எல்லா விவரமும் வேணும்"னு எழுதினா "விவரம் இல்லை"ன்னு ஒரு வரியில பதில் வரும். பேரு, அப்பா பேரு, கிராமம், தாலுகா, அப்ப இருந்த ஜில்லா, பிபிஓ (பென்ஷன் ஆணை) நம்பர், ஃபைல் நம்பர் தெரிஞ்சா அதுவும் போட்டு, "மேற்படி கோப்பில் உள்ள மனு, சக கைதி சான்று, குறிப்புப் பக்கங்கள் நகல்"னு குறிப்பா கேளுங்க. ஜில்லா விஷயத்துல கவனம், இன்னைக்கு சிவகங்கை மாவட்டம்னா 1972ல அது ராமநாதபுரம், ஃபைல் பழைய ஜில்லா தலைநகர்ல தூங்கிட்டு இருக்கலாம். தனிப்பட்ட தகவல் தர முடியாதுன்னு பதில் வந்தா அப்பீல்ல சட்டத்தோட 8(3)ஐ எழுதுங்க, இருபது வருஷத்துக்கு முந்தின விஷயத்துக்கு அந்தக் காரணம் செல்லாது. வாரிசு சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் நகல் இணைச்சா வேலை சுலபம்.

ஆர்கைவ்ஸ்ல எதை எங்க

டெல்லி ஜன்பத்ல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துக்கு பாதுகாப்பு அமைச்சகம் 1997ல ஐஎன்ஏ சம்பந்தப்பட்ட 990 ஃபைல் குடுத்துச்சு. அவங்களோட அபிலேக் படல்ங்கற தளத்துல ஓசியில ரெஜிஸ்டர் பண்ணி வீட்டுல இருந்தே தேடலாம், நிறைய ஃபைல் ஸ்கேன் பண்ணியே இருக்கு. ஆனா அங்க தேடல் ஃபைல் தலைப்புல தான் ஓடும், உள்ள இருக்கற எழுத்துல ஓடாது. தாத்தா பேரைப் போட்டா ஒண்ணும் வராது. ரெஜிமென்ட் பேரு, கேம்ப் பேரு, ஊர் பேரு போட்டுத் தேடி, கிடைச்ச ஃபைலைத் திறந்து பக்கம் பக்கமா கண்ணால பாக்கணும், வேற வழி இல்ல. 2016 ஜனவரி 23 ரிலீஸ் ஆன நேதாஜி ஃபைல்ஸ் பின்னாடி எல்லாரும் ஓடினாங்க, அதுல பெரும்பகுதி அவர் மறைவு பத்தின விவகாரம், சாதாரண சிப்பாயைத் தேடறவங்களுக்கு அதுல நேரம் செலவு பண்றது வேஸ்ட்னு தான் சொல்லுவேன்.

சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல அரசாணைகளும் அண்டர் செக்ரெட்டரி ரகசிய ஃபைல்களும் இருக்கு. மலாயாவுல இருந்து நீர்மூழ்கிக் கப்பல்ல உளவாளியா அனுப்பி இங்க பிடிபட்டவங்க மாதிரி விவகாரங்களுக்கு அது முக்கியம், வக்கம் அப்துல் காதரையும் இன்னும் மூணு பேரையும் 1943 செப்டம்பர் 10 மெட்ராஸ் ஜெயில்ல தூக்குல போட்டாங்க இல்லையா, அந்த வகை. முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டுப் போங்க. 1945, 46 பத்திரிகைகளை கன்னிமாரா நூலகத்துலயும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயும் பாக்கலாம், டெல்லி செங்கோட்டையில ஐஎன்ஏ ஆபீசருங்க மேல விசாரணை நடந்த சமயம், ஊர் ஊரா ஐஎன்ஏ ஆளுங்களுக்கு வரவேற்புக் கூட்டம் நடந்த காலம் அது. இறந்து போனவர்னா இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் போட்ட தியாகிகள் அகராதியோட 5ம் தொகுதி தென் மாநிலங்களுக்கானது, அதையும் பாத்துடுங்க.

மலாயா பக்கம் தேடறதுக்கு எனக்குப் பிடிச்சது சிங்கப்பூர் தான். சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துல ஜப்பான் காலத்து சியோனான் ஷிம்புன்ல இருந்து சண்டைக்கு அப்புறம் வந்த இந்தியன் டெய்லி மெயில், தமிழ் முரசு வரைக்கும் படிக்கலாம். "நேதாஜி எங்க ஊருக்கு வந்து பேசுனாரு, அன்னைக்கே சேர்ந்துட்டாரு"ன்னு வீட்டுல சொல்றாங்களா, அந்த ஊர்க் கூட்டம் எந்தத் தேதின்னு பேப்பர்ல பிடிச்சா சேர்ந்த தேதி கிடைச்ச மாதிரி. தமிழ்ப் பத்திரிகைன்னா தேடல் பெட்டியை நம்பாம தேதி வாரியா புரட்டுங்க. சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தோட வாய்மொழி வரலாறு பேட்டிங்களும் ஆன்லைன்ல இருக்கு, ஜப்பான் காலத்தைப் பாத்தவங்க மணிக்கணக்குல பேசியிருக்காங்க, தமிழ்லயும் இருக்கு. உங்க தாத்தா அதுல இல்லாட்டாலும் அவர் இருந்த கேம்ப்புல எத்தனை மணிக்கு எழுப்புனாங்க, என்ன சாப்பாடுன்னு அந்த வாழ்க்கை கிடைக்கும். கோலாலம்பூர்ல மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்துல பிரிட்டிஷ் மிலிட்டரி நிர்வாகத்து ஃபைலுங்க இருக்கு, 1945 செப்டம்பர்ல இருந்து 1946 மார்ச் வரைக்கும் உள்ள காலம்.

லண்டன் ரெண்டு இடம், பிரிட்டிஷ் லைப்ரரியோட இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ், கியூங்கற இடத்துல இருக்கற பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துல டபிள்யூஓ (வார் ஆபீஸ்) 208 வரிசை. உளவுத்துறை விசாரணை அறிக்கைகள் அங்க. ஆபீசரா இருந்தாலோ உளவு வேலையில இருந்தாலோ பலன் இருக்கும், சாதா சிப்பாய்க்காக லண்டன் டிக்கெட் போடாதீங்க.

பர்மாவுல இருந்து 1960கள்ல அகதியா திரும்பி வந்த குடும்பம்னா அந்தத் திரும்பி வந்தோர் அடையாள அட்டையில பர்மா விலாசம் இருக்கும், ஊர்ல பர்மா காலனியில பெரியவங்க யாராவது இருந்தா அவங்களுக்கு ரங்கூன் தெருவெல்லாம் அத்துபடி, அட்டையை எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுங்க.

பேரு பத்தி கொஞ்சம்

எந்த லிஸ்ட்டைப் பாத்தாலும் பேரை ஒரே மாதிரி தேடாதீங்க. லட்சுமணன் மலாயா பேப்பர்ல லெட்சுமணன், முனியாண்டி மூணு விதமா, சுப்பையா எழுத்து "எஸ்"ல ஆரம்பிச்சு "பி" வருமா "பிபி" வருமான்னு எழுதினவன் மூடைப் பொறுத்தது. கருப்பையா, கருப்பன், கருப்புசாமி மூணும் ஒரே ஆளா இருக்கலாம். இனிஷியல் முன்னாடி இருக்கும், பின்னாடி இருக்கும், இல்லாமலும் இருக்கும், ஜாதிப் பட்டம் சில பேப்பர்ல ஒட்டியிருக்கும் சிலதுல இருக்காது. எழுதினவர் பஞ்சாபி கிளார்க்கா இருந்தா நம்ம "ழ"வோட கதி என்னன்னு சொல்லவே வேணாம். அதனால பேரை மட்டும் வச்சு "இவர்தான்"னு சொல்லாதீங்க, பேரு கூட அப்பா பேரு, ஊரு, தோட்டம், ரெஜிமென்ட் இதுல இன்னும் ரெண்டாவது பொருந்தணும். ராமசாமிங்க எத்தனை பேரு.

கிடைச்சதை எல்லாம் ஒரு ஷீட்ல போட்டு வைங்க, தேதி, இடம், என்ன நடந்துச்சு, யார் சொன்னா அல்லது எந்தப் பேப்பர்னு நாலு காலம். ரெண்டு பேப்பர் முட்டிக்கிட்டா ரெண்டையும் அப்படியே எழுதி வைங்க, ஒண்ணை அழிக்காதீங்க, ஆறு மாசம் கழிச்சு மூணாவது பேப்பர் வந்து தீர்த்து வைக்கும்.

கடைசியா விக்கிற சாமான் பத்தி. ஆன்லைன்ல ஆசாத் ஹிந்த் பேங்க் நோட்டு, மெடல், பேட்ஜ், நேதாஜி கையெழுத்து போட்ட சர்டிபிகேட்னு விப்பாங்க, தாத்தா ஞாபகார்த்தமா இருக்கட்டும்னு காசைக் கொட்டாதீங்க, போலி ஏகப்பட்டது ஓடுது. பாயுற புலி போட்ட பேட்ஜைக் காட்டி மலாயா சிப்பாய் மாட்டுனதுன்னு சொன்னா கூடுதலா சந்தேகப்படுங்க, அந்தப் புலி ஜெர்மனியில நேதாஜி அமைச்ச இந்திய லீஜியன்ங்கற படையோட சின்னமா பேர் போனது. மலாயா பக்கம் இருந்தவங்க பேட்ஜ்ல இந்தியா மேப்பும் இத்தெஃபாக், இத்மாத், குர்பானி (ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்)ன்னு மூணு வார்த்தையும் இருக்கும். வீட்டுப் பெட்டியில அப்படி ஒண்ணு கிடைச்சா பளபளன்னு ஆக்கறேன்னு புளி போட்டுத் தேய்க்காம, இருக்கற மாதிரியே ஒரு காட்டன் துணியில சுத்தி வச்சுட்டு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்துக்கங்க.